படத்தில் முதுகு இருக்கிறது, பெயர் எங்கே?

ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட நாள். போட்டோ வாக், போட்டி, கண்காட்சி என்று கேமராக்கள் டெல்டாவுக்கு வரும். பெரிய கோயில் கோபுரம், கல்லணை, அப்புறம் தவறாமல் ஒரு படம்: சேற்றில் வரிசையாகக் குனிந்து நாற்று நடும் பெண்கள். தலைப்பு 'மண்வாசனை' அல்லது 'பசுமை'. கீழே எடுத்தவரின் பெயர் இருக்கும், லென்ஸின் அளவுகூட இருக்கும். படத்தில் இருப்பவரின் பெயர் மட்டும் இருக்காது.

இதைக் கேட்டால், "கலைக்குள் ஏன் சாதியை இழுக்கிறீர்கள்?" என்பார்கள். நாம் இழுக்கவில்லை தோழர்களே, அது ஃபிரேமுக்குள்ளேயே நிற்கிறது. வயலில் குனிந்திருப்பவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற தலித் பெண்கள். வரப்பில் குடை பிடித்து நிற்கும் நிலக்காரரிடம் அனுமதி கேட்கிற கேமரா, அந்தப் பெண்களிடம் கேட்பதில்லை.

1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். புகைப்பட வரலாற்றில் புகழ்பெற்ற படம் அது. அதே கோயிலில் இருக்கும் ராஜராஜன் காலக் கல்வெட்டுகள், ஊர்களில் வரி நீங்கிய நிலங்களைப் பட்டியலிடும்போது பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் தனியாகக் குறிப்பிடுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஊர் வேறு, சேரி வேறு. கோபுரத்தின் உயரத்தைச் சொல்லிப் படமெடுக்க அழைப்பவர்கள் இதையும் சொல்கிறார்களா?

'அழகாக'ப் படமாகும் அந்த முதுகுக்கும் வரலாறு உண்டு. சவுக்கடியும் சாணிப்பாலும் பண்ணையாள்களுக்குத் தண்டனையாக இருந்த மண் இது. சீனிவாசராவ் போன்ற தோழர்கள் கட்டிய விவசாயச் சங்கத்தின் போராட்டம்தான் 1944-இல் மன்னார்குடி ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. கூலி உயர்வு கேட்டதற்கும் செங்கொடியை இறக்க மறுத்ததற்கும் 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். இன்று அந்த முதுகில் சவுக்கின் தழும்பு இல்லையென்றால், அதற்குக் காரணம் இயற்கையின் எழில் அல்ல, போராட்டம்.

கேமரா எதிரியல்ல. மலக்குழி மரணங்களையும் தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையையும் தொடர்ந்து படமெடுத்த பழனிக்குமார், 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். அவர் படங்களில் வருபவர்கள் காட்சிப் பொருள்கள் அல்லர், பெயரும் குடும்பமும் கோபமும் உள்ள மனிதர்கள். உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளின் கையிலும் அவர் கேமராவைக் கொடுக்கிறார். தொழில்நுட்பம் அதேதான், நிற்கும் இடம்தான் வேறு.

ஆகவே புகைப்பட விழா நடத்துபவர்களிடம் நாம் கேட்பது இவ்வளவுதான். படமெடுக்கும் முன் அவரிடம் கேளுங்கள். அவர் சம்மதித்தால் பெயரை எழுதுங்கள், அன்றைய கூலியையும் எழுதுங்கள். பரிசுப் பணத்தில் பங்கு கொடுங்கள். கண்காட்சியைச் சேரிக்குக் கொண்டுவாருங்கள். தன் படத்தைப் பார்த்து, "இது வேண்டாம்" என்று சொல்லும் உரிமை அங்கே இருப்பவருக்கு உண்டு. நடுவர் மேசையில் சேரியிலிருந்து வந்த கலைஞருக்கு இடம் கொடுங்கள்.

இதையெல்லாம் செய்தால் படத்தின் அழகு கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால், அவர் எதை அழகு என்று இத்தனை நாளும் ரசித்தார் என்பது நமக்குப் புரிந்துவிடும்.