ஒலிப் பலகைகள்: சேர்ப்பதா, தேர்ந்தெடுப்பதா?

இசை இறைவன் மனிதனுக்கு அளித்த அரிய கொடை. அந்தக் கொடையை ஒரு பெட்டிக்குள் அடைத்துத் தரும் வித்தையை விஞ்ஞானம் கண்டுபிடித்திருக்கிறது. ஒரே கீபோர்டில் வயலின் கேட்கிறது, புல்லாங்குழல் கேட்கிறது, ஆர்கனும் கேட்கிறது. ஆனால் அந்த ஒலிகளை எவ்வாறு தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நம்மில் எத்தனை பேர் சிந்தித்திருக்கிறோம்?

சிந்தசைசர் நமக்குப் புதியதன்று. 1986இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்திற்கு இளையராஜா கணினியின் துணையோடு இசையமைத்தார். 1992இல் 'ரோஜா' வந்த பின்னர் மின்னணு ஒலிகள் தமிழர் வீடுகளில் எல்லாம் புகுந்தன. மெல்லிசைக் குழுக்களின் மேடைகளிலும், கோவில் பாடகர் குழுக்களிலும் ஜப்பானிய நிறுவனமான ரோலண்டின் கீபோர்டுகள் இடம் பிடித்தன.

அக்காலத்தில் நினைவகச் சில்லுகளின் விலை மிக அதிகம். எனவே ஓரளவு ஒலிகளை மட்டும் உள்ளே வைத்து, மற்றவற்றைத் தனித்தனிப் பலகைகளாக விற்றார்கள். இவையே சவுண்ட் எக்ஸ்பான்ஷன் போர்டுகள். ரோலண்டின் எஸ்.ஆர்.-ஜே.வி.80 வரிசையில் பாப், ஆர்க்கெஸ்ட்ரா, பியானோ என்று 1 முதல் 19 வரை எண்ணிட்ட பலகைகள் உண்டு. ஒவ்வொன்றின் கொள்ளளவும் 8 மெகாபைட் மட்டுமே. இன்று கைப்பேசியில் எடுக்கும் இரண்டு மூன்று புகைப்படங்களுக்கே அவ்வளவு இடம் வேண்டும்! 1994இல் வந்த ஜே.வி.-1080, 1996இல் வந்த எக்ஸ்.பி.-80 ஆகியவற்றில் நான்கு பலகைகள் பொருத்தலாம்.

எங்கள் பங்குக் கோவில் பாடகர் குழுவிடம் இருப்பது எக்ஸ்.பி.-60. அதிலும் நான்கு இடங்கள் உண்டு; நான்கும் காலி. பங்கு மக்கள் நன்கொடை திரட்டித் தந்தபோது இரண்டு கருத்துகள் எழுந்தன. "இவை இப்போது தயாரிப்பில் இல்லை. ஆகையால் கிடைப்பதையெல்லாம் வாங்கிச் சேர்ப்போம்" என்றனர் சில அண்ணன்மார். "பழைய பெட்டியைத் தள்ளிவிட்டுப் புதியது வாங்குவோம்" என்றனர் வேறு சிலர். இரண்டும் சரியல்ல என்பதே என் தாழ்மையான கருத்து.

சேர்த்து வைப்பதால் பயன் என்ன? நான்கு இடங்கள் உள்ள பெட்டியில் ஐந்தாவது பலகை அலமாரியில்தான் தூங்கும். அடிக்கடி மூடியைத் திறந்து மாற்றினால் இணைப்புகள் தேய்ந்து போகும். எத்தனை பலகைகள் பொருத்தினாலும் ஒரே நேரத்தில் ஒலிக்கும் குரல்கள் 64தான். ஒரு ஒலிக்கு நான்கு குரல்கள் செலவானால் 16 சுரங்களே மிஞ்சும். நற்செய்தியில் வரும் தாலந்து உவமையை நாம் அறிவோம். மண்ணில் புதைத்து வைத்த ஊழியனை எசமான் பாராட்டவில்லை. மேலும், ஒருவர் பத்துப் பலகைகளைப் பூட்டி வைத்தால், உண்மையிலேயே தேவைப்படும் மற்றொரு குழுவுக்கு விலை ஏறிவிடுகிறது அல்லவா?

பழையதைத் தள்ளிவிடுவதும் விவேகமன்று. ஏ.ஆர். ரஹ்மானின் தந்தை ஆர்.கே. சேகர் 1976இல் மறைந்தபோது, அவர் விட்டுச் சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் அக்குடும்பம் பிழைத்தது. பழைய கருவி என்றால் பயனற்ற கருவி என்று பொருளல்ல. பழுதில்லாமல் ஒலிக்கும் வரை அதை வைத்துக் காப்பதே நன்கொடைப் பணத்திற்கு நாம் செய்யும் மரியாதை.

அப்படியானால் எவ்வாறு தேர்ந்தெடுப்பது?

முதலாவதாக, பலகை நம் கீபோர்டுக்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். பின்னர் வந்த எஸ்.ஆர்.எக்ஸ். வரிசைப் பலகைகள் எக்ஸ்.பி.-60இல் பொருந்தா. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் ஏமாறக் கூடாது.

இரண்டாவதாக, ஏற்கெனவே பெட்டிக்குள் இருப்பதை மீண்டும் வாங்கக் கூடாது. 97, 98, 99 ஆகிய எண்களுள்ள பலகைகள் மற்றப் பலகைகளிலிருந்து சிலவற்றைத் திரட்டியவை. அவற்றையும் மூலப் பலகைகளையும் சேர்த்து வாங்கினால் ஒரே ஒலிக்கு இரண்டு விலை கொடுத்தவர்களாவோம்.

மூன்றாவதாக, காதால் கேட்காமல் வாங்கக் கூடாது. ராயப்பேட்டை மணிக்கூண்டிலிருந்து சற்று நடந்தால் மவுண்ட் ரோடு. 1842இல் மிஸ்கித் என்ற பெயரில் தொடங்கிய மியூசி மியூசிகல் அங்கேதான் இருக்கிறது. ஆனால் இப்பலகைகளைப் புதிதாக எந்தக் கடையிலும் வாங்க முடியாது. பழைய மெல்லிசைக் கலைஞர்களிடமிருந்தே பெற வேண்டும். ஆகவே கீபோர்டையே எடுத்துச் சென்று, மின்சாரத்தைத் துண்டித்து, உலோகம் ஒன்றைத் தொட்டுவிட்டுப் பலகையைப் பொருத்தி, ஒவ்வொரு ஒலியாகக் கேட்க வேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் முன்னோர்.

எங்கள் குழுவுக்கு எவை தேவை? 2ஆம் எண் ஆர்க்கெஸ்ட்ரா பலகை கிறிஸ்துமஸ், ஈஸ்டர் திருப்பலிகளுக்கு உதவும். ஆசிய வாத்தியங்களுக்கான 14ஆம் எண் பலகை நம் தமிழ்ப் பாடல்களுக்குப் பொருந்தும். 13ஆம் எண் பலகையில் மனிதக் குரல்கள் உள்ளன. இருபது பேர் வாய்விட்டுப் பாடும் குழுவுக்கு இயந்திரக் குரல் எதற்கு? அது வேண்டாம். மற்ற இரண்டு இடங்களும் தேவை வரும்வரை காலியாகவே இருக்கட்டும். மிஞ்சும் பணத்தில் சிறுமியர் இருவருக்கு வயலின் கற்றுக்கொடுக்கலாம்.

அவ்வாறு கற்றவர்கள் வாசிக்க வரும் ஞாயிறுகளில் கீபோர்டின் வயலின் ஒலியை நாம் தொடவே கூடாது. ஆள் இல்லாத குறையைப் போக்கத்தான் பலகை; இருக்கும் ஆளை வீட்டுக்கு அனுப்புவதற்கன்று.

தோழியரே! ஒலிப் பலகைக்கு மட்டுமன்று, புத்தகத்திற்கும் உடைக்கும் கைப்பேசிக்கும் இதே அளவுகோல் பொருந்தும். வாங்கும் முன், 'இது எனக்கு எதற்கு?' என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போம்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி