ஹியூமிக் பாட்டில் தொழுவுரம் ஆகாது

நிலக்கரியை எரிக்காமல் கிராஃபைட், கார்பன் இழை போன்ற விலை உயர்ந்த பொருட்களாக மாற்றப் பல நாடுகளில் ஆய்வு நடக்கிறது. ஆனால், நிலக்கரியிலிருந்து வரும் ஒரு பொருள் விவசாயிகள் கைக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. உரக்கடைகளில் கறுப்பாக விற்கும் ஹியூமிக் அமிலம்தான் அது.

பெரும்பாலும் இது பழுப்பு நிலக்கரியிலிருந்து எடுக்கப்படுகிறது. நெய்வேலியில் கிடைப்பதும் பழுப்பு நிலக்கரிதான். முழுதாக முதிராத கரி என்பதால், மக்கிய தாவரப் பொருளின் தன்மை இதில் மிச்சமிருக்கிறது. இதைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காரத்துடன் சேர்த்தால் ஹியூமிக் அமிலம் கரைந்து பிரியும். அதுவே பொட்டாசியம் ஹியூமேட். இது வேர் வளர்ச்சிக்கு உதவும். இரும்பு, துத்தநாகம் போன்ற சத்துகளைப் பயிர் எடுத்துக்கொள்ளும் நிலையில் வைத்திருக்கும்.

அதற்காக, 'இதை ஊற்றினால் தொழுவுரமே வேண்டாம்' என்று சொல்லி விற்பதை ஏற்க முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 சதவீதக் கரைசல் ஒரு லிட்டரில் இருப்பது சுமார் 120 கிராம் ஹியூமிக். அதில் கார்பன் ஏறத்தாழப் பாதி, அதாவது 60 கிராம். ஒரு ஏக்கரில் அரை அடி ஆழம்வரை உள்ள மேல்மண்ணின் எடை சுமார் 900 டன். மண்ணின் அங்ககக் கார்பனை 0.4 சதவீதத்திலிருந்து 0.5 ஆக உயர்த்தவே 900 கிலோ கார்பன் வேண்டும். 60 கிராம் எங்கே, 900 கிலோ எங்கே? ஹியூமிக் துணைதான். தொழுவுரம், தக்கைப்பூண்டு, பயிர்க்கழிவு இவையே அடிப்படை.

ஹியூமிக் உள்ளிட்ட பயிர் ஊக்கிகளை மத்திய அரசு 2021-ல் உரக்கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் கொண்டுவந்தது. நல்ல முடிவு. ஆனால், ஆணை காகிதத்தில் இருந்தால் போதாது. கடைகளில் மாதிரி எடுத்துப் பரிசோதித்து, முடிவை விவசாயிகளுக்கு அறிவிக்க வேண்டும். கறுப்பு நிறம் தரத்துக்குச் சான்றல்ல. ஹியூமிக் சதவீதம் அச்சிடப்படாத பாட்டிலை வாங்காதீர்கள். வாங்கினால் பில் கேளுங்கள். விரிவாக்க அலுவலர்களும் மண்வள அட்டையில் அங்ககக் கார்பன் அளவைப் பார்த்த பிறகே பரிந்துரைக்க வேண்டும்.

நெய்வேலிக் கரி விவசாயிகள் கொடுத்த நிலத்துக்கு அடியிலிருந்துதான் வருகிறது. அதிலிருந்து தயாராகும் ஹியூமேட் தரச்சான்றுடன், நியாயமான விலையில், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். விவசாயிகள் கேட்பது சலுகை அல்ல, உரிமை.