இருப்புப்பாதைக் காட்சிச்சாலையிற் காண வேண்டுவது யாது?

கலாசாலை மாணவர் குழுவாகச் சென்று காட்சிச்சாலைகளைக் கண்டு வருதல் நல்வழக்கமே. ஆயினும், கண்டு வந்தோர் கொண்டு வந்தது யாது என வினவின், புகைப்படங்கள் என்பதே பெரும்பாலும் விடையாகின்றது. இது பற்றிச் சில கூற விரும்புகின்றேன்.

புதுவை நெல்லித்தோப்பினின்று ஒரு நாளிற் சென்று மீளத்தக்கது, சென்னைப் பெரம்பூரில் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையைச் சார்ந்து 2002-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற காட்சிச்சாலை. அத்தொழிற்சாலை 1955-இல் தொடங்கப்பெற்றது. பழைய நீராவி எஞ்சின்களும் பெட்டிகளும் ஆங்குத் திறந்த வெளியில் நிற்கின்றன. அவற்றின் பருமை கண்டு வியத்தல் எளிது. ஆனால், எஞ்சின் தானே ஓடியதன்று. கரியை வாரியெறிந்த கைகளும் கொதிகலத்து நீரளவை நோக்கிய கண்களும் இருந்தமையால் ஓடிற்று. அவற்றை மனத்தாற் காண்பவனே மெய்யாகக் கண்டவனாவான்.

பாதையின் அகலத்தையும் நோக்குக. மீட்டர் பாதை 1,000 மில்லிமீட்டர். அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். இரண்டும் சந்தித்த இடங்களில் சரக்கினை வண்டி விட்டு வண்டி மாற்ற வேண்டியிருந்தது. ஆங்கே கூலியாட்களின் முதுகே பாலமாயிற்று.

நம் புதுவைக்கு விழுப்புரத்தினின்று மீட்டர் பாதை வந்தது 1879-இல். ஏறத்தாழ 38 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை, பிரெஞ்சியர் ஆண்ட நிலத்தையும் ஆங்கிலேயர் ஆண்ட நிலத்தையும் பிணைத்தது. மொழியும் உறவும் ஒன்றாயிருந்த மக்களுக்கு அரசு மட்டும் இரண்டாயிருந்த அந்நாளில், மணவீட்டிற்கும் இழவுவீட்டிற்கும் அதுவே வழியாயிற்று. 1954-இல் பிரெஞ்சு ஆட்சி நீங்கிற்று. மீட்டர் பாதையும் இந்நூற்றாண்டில் அகலப்பாதையாயிற்று. பாதை மாறியது குறையன்று, நன்மையே. அதிற் சென்றோரின் நினைவும் உடன் மறைதலே குறையாம்.

முதியோர் பேச்சுச் சரித்திரமாகுமோ என்பார் உளர். ஞாபகம் பிழைபடும் என்பது உண்மையே. பிழையை ஏட்டோடு ஒப்பிட்டுத் திருத்தலாம். கேளாதே விட்டதனை எவ்வாறு திருத்துவது? எஞ்சினிற் படிந்த துருவை நாளையும் நீக்கலாம். முதியவர் ஒருவர் மறைந்தபின் அவர் சொல்லை எங்குப் பெறுவோம்?

ஆதலின், மாணவ நண்பர்காள்! காட்சிச்சாலைக்குப் புறப்படுமுன், உங்கள் தெருவில் பழைய வண்டியிற் பிரயாணம் செய்த முதியோர் ஒருவரையேனும் அடுத்து, எங்குச் சென்றார், ஏன் சென்றார், யாருடன் சென்றார் எனக் கேட்டு எழுதுங்கள். அக்குறிப்பைக் கையிற் கொண்டு அவ்வெஞ்சின்களின்முன் நில்லுங்கள். மீண்டபின் அதனைக் கலாசாலைப் புத்தகசாலையிற் சேருங்கள். அங்ஙனம் சேர்ந்த ஏடுகள், பின்வரும் மாணவர்க்கு நம்மூரில் அமைந்த ஒரு காட்சிச்சாலையே ஆகும்.