சுத்தாத இன்ஜினுக்குப் பரிசு எதுக்கு?



அறிவியல் கண்காட்சின்னா உடனே தெர்மாகோல் வாங்குறோம். இன்ஜின் வெட்டி, பெயின்ட் அடிச்சு, பாகங்களின் பெயரை எழுதி வைக்கிறோம். பார்க்க அழகுதான். ஆனா அசையாது! மாடல் என்றால் சுத்தணும் என்பது என் கருத்து.

1876-ல் ஜெர்மனியில் நிக்கோலஸ் ஆட்டோ செய்த நாலு வீச்சு இன்ஜினைப் பாருங்க. உறிஞ்சும் வீச்சு, அமுக்க வீச்சு, ஆற்றல் வீச்சு, வெளியேற்ற வீச்சு. ஒரு வீச்சில்தான் சக்தி கிடைக்கும். மீதி மூணுக்கும் கனமான ஃபிளைவீல்தான் இழுத்துக்கிட்டுப் போகும். கிராங்க் 2 சுத்து சுத்தினா, வால்வைத் திறக்கும் கேம் 1 சுத்துதான் சுத்தணும். சார்ட்டில் இதைத் தப்பா வரைஞ்சா யாருக்கும் தெரியாது. சுத்துற மாடல் உடனே காட்டிக் கொடுத்துடும்!

பெட்ரோல் ஊத்த வேண்டாம். அட்டை, சைக்கிள் ஸ்போக் வைத்துச் செய்து, கையால் சுத்தினாலே வால்வு எப்போ திறக்குது, எப்போ மூடுதுன்னு புரியும்.

கோவை ஜி.டி.நாயுடு பழைய மோட்டார் சைக்கிளைப் பிரிச்சு மாட்டித்தான் இயந்திரம் கற்றார். நம்ம ஆவடியிலேயே ராணுவ டாங்கிக்கு இன்ஜின் செய்யுறாங்க. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் சத்தம் கேட்குது. நாம மட்டும் தெர்மாகோலோடு நிற்கலாமா?

இன்னொன்று. "பசங்க மாடல் செய்யட்டும், பொண்ணுங்க சார்ட் எழுதுங்க" என்று சொல்லாதீங்க. ஸ்பேனர் பிடிக்க எங்களுக்கும் கை இருக்கு.

ஆசிரியர்களே, அடுத்த கண்காட்சியில் அழகுக்குக் கொஞ்சம் மார்க், அசைவுக்கு நிறைய மார்க் போடுங்க.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி