சோதித்துப் பார்ப்பது அவிசுவாசம் அல்ல, ஐயா

பேராயர் அவர்களுக்கு,

நம் திருமண்டலத்தின் சிறு சபை ஒன்றில் 20 வருடமாக ஓய்வுநாள் பள்ளி நடத்திவருகிறேன்.

எங்கள் சபையில் ஒரு பெரியம்மா இருக்கிறார். பல வருடமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். சென்ற வருடம் கன்வென்ஷன் கூட்டத்தில் வெளியூர் ஊழியர் ஒருவர் அவர் தலைமேல் கைவைத்து, சர்க்கரை வியாதி இன்றோடு போயிற்று, இனி ஊசி போட்டால் அது அவிசுவாசம் என்றார். மறுநாளே பெரியம்மா மருந்துக் குப்பிகளை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார். அடுத்த ஞாயிறு ஆராதனையில் மைக் முன் நின்று சாட்சி சொன்னார். சபையே அல்லேலூயா சொன்னது, நானும் சொன்னேன்.

மூன்றாம் வாரம் நினைவு தப்பிய அவரை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்து, “என் விசுவாசந்தான் பத்தலையோம்மா?” என்று கேட்டார். பொய் சொன்னவர் அடுத்த ஊர் மேடைக்குப் போய்விட்டார். பழியைப் பெரியம்மா சுமக்கிறார். ஆலயத்துக்கு வரவே கூசுகிறார். அந்தச் சாட்சியை இன்றுவரை யாரும் திருத்திச் சொல்லவில்லை.

சுகம் தருகிற தேவனை நான் நம்புகிறேன் ஐயா. அதனால்தான் எழுதுகிறேன். பத்துக் குஷ்டரோகிகளைச் சுகமாக்கிய இயேசு, அவர்களை ஆசாரியர்களிடம் போய்க் காட்டச் சொன்னார். அந்தப் பரிசோதனை எப்படிப்பட்டது என்று லேவியராகமம் 13-ஆம் அதிகாரம் சொல்கிறது: ஆசாரியன் தோலைப் பார்ப்பான், மயிரின் நிறத்தைப் பார்ப்பான், சந்தேகம் இருந்தால் ஏழு நாள் அடைத்துவைத்து மறுபடியும் பார்ப்பான். சுகமாக்கியவரே சோதனைக்கு அனுப்பினார். மெய்யான சுகம் ரத்தப் பரிசோதனைக்கு ஏன் பயப்பட வேண்டும்?

வாக்குகளையும் வேதம் சோதிக்கச் சொல்கிறது. பாபிலோனின் நுகம் இரண்டு வருடத்தில் முறியும் என்று தீர்க்கதரிசனம் சொன்னான் அனனியா. அதைக் கேட்ட எரேமியா தீர்க்கதரிசி முதலில் ஆமென் சொன்னார். அப்படி நடக்க வேண்டும் என்பதே அவர் ஆசையும். ஆனாலும், சமாதானத்தை முன்னறிவிக்கிறவனை அது நிறைவேறும்போதுதான் அறியலாம் என்று எச்சரித்தார். கேட்க இனிக்கிற வார்த்தையைத்தான் இரண்டு முறை உரசிப் பார்க்க வேண்டும். பவுல் பிரசங்கித்ததையே பெரோயா பட்டணத்தார் தினமும் வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். லூக்கா அதைப் பாராட்டித்தான் எழுதினார்.

பிரான்சின் லூர்து திருத்தலத்தில் சுகங்களை ஆராய 1883 முதல் மருத்துவ அலுவலகம் இயங்குகிறது. ஆயிரக்கணக்கானோர் சுகம் பெற்றதாகச் சொல்லியும், 2018 வரை அற்புதம் என்று ஏற்கப்பட்டவை 70 மட்டுமே. அதனால் அங்கே பக்தி குன்றிவிடவில்லை; லட்சக்கணக்கானோர் இன்றும் போகிறார்கள்.

தங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்கிறேன். மருந்தை நிறுத்தச் சொல்கிற எவருக்கும் நம் சபைகளில் மேடை இல்லை என்று சுற்றறிக்கை அனுப்புங்கள். சுகச்சாட்சி சொல்லுமுன் மருத்துவரின் அறிக்கையைச் சேகரகுருக்கள் பார்க்கட்டும். தவறிப்போன சாட்சி அதே மைக்கில் திருத்தப்படட்டும்.

யோசிக்காமல் அல்லேலூயா சொன்னவர்களில் நானும் ஒருத்தி. முதல் திருத்தத்தை எங்கள் ஆலயத்தில் நானே எழுந்து நின்று சொல்கிறேன். குறை உங்கள் விசுவாசத்தில் இல்லை, எங்கள் விசாரிப்பில்தான் என்று பெரியம்மாவின் காது கேட்கச் சபை சொல்ல வேண்டும். அதற்குத் தங்கள் கட்டளை வேண்டும் ஐயா.

கர்த்தருக்குள்,
ஓர் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை