ஒரே செடி... கோயிலில் புனிதம், பையில் இருந்தா 7 வருஷம் ஜெயில்! ஜப்பானின் கஞ்சா குழப்பம் என்ன?

சுமோ மல்யுத்தம் பார்த்திருக்கிறீர்களா? உச்சப் பட்டமான 'யோகோசுனா' வாங்கிய வீரர், களத்துக்குள் நுழையும் சடங்கின்போது இடுப்பில் தடிமனான வெள்ளைக் கயிறு கட்டியிருப்பார். வெளியே தெரிவது பருத்தித் துணி. உள்ளே இருப்பது கஞ்சா செடியின் நார். சக வீரர்கள் தவிடு சேர்த்து, கையாலேயே பிசைந்து மிருதுவாக்கிய நார்.

அதே நாட்டில் அதே செடியின் பூவை ஒருவர் சின்னப் பொட்டலமாக வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை.

நார் எடுக்கும் ரகத்தை ஹெம்ப் என்பார்கள். (நம்மூர் சணல் வேற செடி, குழப்பிக்க வேண்டாம்.) போதை தரும் டி.எச்.சி. என்ற வேதிப்பொருள் இதில் மிகக் குறைவு. ஜப்பானியர்களுக்கு இது ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழக்கம். ஷின்டோ கோயில்களில் தொங்கும் புனிதக் கயிறு, உடோன் நூடுல்ஸ் மேல் தூவும் ஷிச்சிமி பொடியில் கடிபடும் விதை, குழந்தைகளின் உடையில் வரும் நட்சத்திர வடிவ இலை டிசைன் என எல்லாம் இந்தச் செடிதான். இசே பெருங்கோயிலிலிருந்து வீடுகளுக்குப் போகும் காப்புத் தகட்டின் பெயரே 'ஜிங்கூ தைமா'. செய்தியில் 'கஞ்சாவுடன் இளைஞர் கைது' என்று வரும்போதும் அதே 'தைமா'தான். எழுத்துகூட மாறாது!

அப்போ எங்கே தப்பு நடந்தது?

இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பான், அமெரிக்கா தலைமையிலான படைகளின் கட்டுப்பாட்டில் இருந்தபோது வந்ததுதான் 1948 கஞ்சா கட்டுப்பாட்டுச் சட்டம். லைசென்ஸ் இல்லாமல் வளர்க்கக் கூடாது. 1950களில் 37,000க்கும் மேல் இருந்த லைசென்ஸ் விவசாயிகள், சமீப ஆண்டுகளில் 30 பேர் அளவுக்கு வந்துவிட்டார்கள். பழி முழுக்க சட்டத்தின் மேல் இல்லை, நைலானுக்கும் பங்கு உண்டு. ஆனால் கெடுபிடி இல்லாமல் இருந்திருந்தால் இவ்வளவு மோசமாகியிருக்காது.

எஞ்சியிருப்பவர்களில் பலர் தோச்சிகி மாகாணத்தில். அங்கே போதைக்காக வயலில் செடி திருடு போனதால், திருடினாலும் பிரயோஜனம் இல்லாத 'தோச்சிகிஷிரோ' ரகத்தையே உருவாக்கிவிட்டார்கள். பிரச்னைக்கு அறிவியல் தீர்வு 40 ஆண்டுக்கு முன்பே ரெடி. சட்டம்தான் அசையவில்லை. 2019இல் பேரரசர் நருஹிதோவின் முடிசூட்டுச் சடங்குக்குத் தேவையான ஹெம்ப் துணிக்காக தொகுஷிமாவில் செடி வளர்த்தபோதுகூட வயலுக்கு வேலியும் காவலும் போட வேண்டியிருந்தது.

2023 டிசம்பரில் ஒருவழியாகத் திருத்தம் வந்தது. கஞ்சாவிலிருந்து தயாரிக்கும் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. வலிப்பு நோய்க் குழந்தைகளின் பெற்றோர் காத்திருந்தது இதற்குத்தான். டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்குள் இருக்கும் ரகங்களுக்கான லைசென்ஸும் 2025 மார்ச் முதல் 3 ஆண்டுக்குச் செல்லும். முன்பு வருஷா வருஷம் அலைய வேண்டும்.

இது வரவேற்கத்தக்கது. ஆனால் ஒரு கதவைத் திறந்த கையோடு இன்னொன்றைச் சாத்திவிட்டார்கள். பழைய சட்டத்தில் வைத்திருப்பது குற்றம், பயன்படுத்துவது குற்றமில்லை. அறுவடையில் விவசாயி தெரியாமல் சுவாசித்துவிடலாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பின்னாளில் விவசாயிகளின் சிறுநீரைச் சோதித்ததில் எதுவும் சிக்கவில்லை. "அப்போ விதிவிலக்கு எதுக்கு?" என்று பயன்பாட்டையும் குற்றமாக்கியது அரசு. வைத்திருப்பதற்கான அதிகபட்ச தண்டனையும் 5 ஆண்டிலிருந்து 7 ஆனது.

2023இல் மட்டும் கஞ்சா வழக்குகளில் 6,000க்கும் மேற்பட்டோர் சிக்கினர். பெரும்பாலோர் 30 வயதுக்குக் கீழ். படிப்பு, வேலை, குடும்ப மானம் என ஒரு பொட்டலத்தில் எல்லாம் காலி. இளைஞர்களிடம் பழக்கம் கூடுகிறது என்ற அரசின் கவலை நியாயம்தான். அதற்கு மருந்து ஜெயிலா, கவுன்சலிங்கா?

சட்டபூர்வமாக்கச் சொல்பவர்கள் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள். 'எங்கள் பாரம்பரியம்' என்று சொல்லி புகைப்பதையும் அதற்குள் நுழைக்கப் பார்க்கிறார்கள். அந்தப் பாரம்பரியம் நாரும் துணியும் விதையும்தான். ஹெம்பை சாதாரணப் பயிராக்க அது போதும். புகைப்பவரை ஜெயிலில் போடாதே என்பதற்கு வேறு வாதம் வேண்டும், அதுவும் வலுவாகவே இருக்கிறது. ஜெர்மனி 2024இல் பெரியவர்கள் 25 கிராம் வரை வைத்திருக்க அனுமதித்தது. அதற்காக தாய்லாந்து மாதிரி அவசரப்படவும் தேவையில்லை. 2022இல் விதிமுறை இல்லாமலே தடையை நீக்கி, தெருவெங்கும் கடை முளைத்த பிறகு, 2025இல் மருத்துவர் சீட்டு கட்டாயம் என்று பின்வாங்கியது அந்த நாடு.

இதற்கிடையே ஜப்பானின் பல கோயில்களில் புனிதக் கயிறு சீனாவிலிருந்து இறக்குமதியான நாரிலோ, பிளாஸ்டிக்கிலோதான் தொங்குகிறது.