விலைவாசிப் புத்தகத்தின் விலை

தஞ்சாவூரில் மிராசு வம்சத்து நண்பர் ஒருவர் பணவீக்கம் பற்றிய நூல்களின் முதல் பதிப்புகளைச் சேர்க்கிறார். கண்ணாடி பீரோ, அந்துருண்டை, பூட்டு. கெயின்ஸின் முதல் புத்தகமே நம் ரூபாயைப் பற்றியதுதான், 1913. அம்பேத்கரின் ரூபாய் ஆராய்ச்சி 1923-ல் லண்டனில் வெளிவந்தது. இவற்றுக்காக அலைகிறார், அலையட்டும். ஆனால் அம்பேத்கரின் 1947 பதிப்பை நீட்டினால், "மறுபதிப்பா?" என்று மூக்கைச் சுளிக்கிறார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1918-ல் வெளியிட்ட கிராம ஆராய்ச்சியில் அன்றைய தஞ்சை ஜில்லாவின் பாலக்குறிச்சியும் உண்டு. அதே கிராமங்களுக்கு மறுபடி போய் தாமஸும் ராமகிருஷ்ணனும் கொண்டுவந்த நூல் 1940-ல் வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தானே ஐயா, ஏறினது எது, இறங்கினது எது என்று தெரியும்? ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது ஒருநாள் சந்தை நிலவரத்தைச் சட்டம் போட்டு மாட்டுவது போல. நண்பரிடம் முதலாவது இருக்கிறது. தாள்களின் மடிப்பைக்கூட வெட்டவில்லை. வெட்டினால் மதிப்புப் போய்விடுமாம்!

வயலில் இறங்குகிறவனுக்கு இந்தப் பாடம் புத்தகமில்லாமலே தெரியும். கூலியை நெல்லாக அளந்தவரையில் ரூபாய் தேய்ந்தாலும் மரக்கால் தேயவில்லை. (அளந்த கை தேய்த்தது வேறு கதை.) அந்தக் கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட தகராறுதான் முற்றி, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து செத்தார்கள்.

ஸ்லேட்டரைக் கல்லூரிப் பையன்களுக்கு ஒரு மாதம் கொடுங்கள் என்று கேட்டேன். "விலை ஏறுகிற நேரத்திலா?" என்றார் நண்பர்.